எதிரி சொன்ன சாட்சி!

பதிலி என்றால் யாரென்று பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சங்கு ஊதுமுன்பே ஆலை வாயிலில் வந்து நிற்பான். உள்ளே எவனுக்காவது காய்ச்சலா, எவன் வீட்டிலாவது இழவா, இன்றைக்கு எத்தனை பேர் வரவில்லை என்று மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆள் குறைந்தால் வேலை. குறையாவிட்டால் தூக்குச் சட்டியோடு வந்த வழியே திரும்பவேண்டியதுதான். உள்ளே விட்டுவிட்டாலோ, நிரந்தரக்காரனைவிட ஓர் இழை குறைவாக அவன் நூற்பதில்லை. ஆனால் பதிவேட்டில் அவன் பெயர் கடைசி வரியில் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

அப்படியொரு பதிலியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அவர் காத்து நின்ற இடம் ஆலை வாயில் அன்று. ஆதம்பூர் விமான தளம். நாள், 1965 செப்டம்பர் 7. நேரம், கிழக்கு வெளுக்குமுன்.

அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா என்பது அவர் பெயர். நம் வயலுக்கு வரும் காவிரி எந்த மலையில் பிறக்கிறதோ அந்தக் குடகு மலையின் பிள்ளை. அஜ்ஜமாட என்பது குடும்பப் பெயர். குடகில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் மனிதனைச் சொல்வார்கள். தந்தை மருத்துவர். 1932 டிசம்பர் 24-இல் பிறந்து, 1954-இல் விமானப் படையில் சேர்ந்தவர். போர் மூண்டபோது அவருடைய வேலை என்ன தெரியுமா? வாத்தியார் வேலை! விமானப் படைக் கல்லூரியில், புதிதாக வரும் இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத் தரும் ஆசிரியர். அங்கிருந்து அழைத்து, முதலாம் எண் விமானப் பிரிவிலே போட்டார்கள். புலிகள் என்று அந்தப் பிரிவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. வீட்டிலே மனைவி சுந்தரி.

சின்னஞ்சிறு நாடு குடகு. நம் பக்கத்து மாவட்டம் ஒன்றின் அளவுகூட இராது. அந்தக் கையளவு மலைநாடுதான் இந்தியாவின் முதல் இந்தியப் படைத் தலைவர் கரியப்பாவைத் தந்தது, திம்மய்யாவைத் தந்தது. தேவய்யாவையும் தந்தது. முதல் இருவரையும் நாடு அறியும். மூன்றாமவரை அறிய நாட்டுக்கு இருபத்துமூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

போரின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1965 செப்டம்பர் முதல் நாள் சாம்ப் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிகள் உருண்டன. செப்டம்பர் 6-இல் இந்தியப் படை லாகூர் முனையில் எல்லையைக் கடந்தது. அன்று அந்தி மயங்கும் வேளையில் பாகிஸ்தான் விமானங்கள் வந்து பதான்கோட் தளத்தைத் தாக்கின. தரையிலே நின்ற இந்திய விமானங்கள் பத்தளவில் நின்ற இடத்திலேயே எரிந்தன. அவற்றிலே சோவியத் நாட்டிலிருந்து புதிதாக வாங்கிய மிக் விமானங்களும் இருந்தன. அதே அந்தியில் ஹல்வாரா தளத்துக்கு மேலேயும் சண்டை. அடித்தவனுக்குப் பதிலடி மறுநாள் விடியுமுன் கொடுத்தாகவேண்டும் என்று முடிவாயிற்று. இலக்கு, சர்கோதா.

சர்கோதா என்றால் பாகிஸ்தான் விமானப் படையின் இருதயம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய சிறந்த விமானங்கள் அங்கேதான். ஆதம்பூரிலிருந்து அந்த இடம் கோடு கிழித்தாற்போலப் பார்த்தாலே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போவதற்கு என்ன, விமானத்துக்கு அது ஒரு தூரமா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் லாரி ஓட்டும் தோழர்கள் கொஞ்சம் காது கொடுக்கவேண்டும்.

ஜெட் விமானம் உயரத்திலே பறந்தால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். தாழப் பறந்தால் மளமளவென்று குடிக்கும். எதிரியின் ராடார் கண்ணுக்குத் தப்பவேண்டுமானால் மரத்தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்துதான் ஆகவேண்டும். நம்மவர்களிடம் இருந்தது மிஸ்டேர் என்னும் பிரெஞ்சு விமானம். அதன் தொட்டியில் நிரப்பும் எண்ணெய், தாழப் போய், குண்டு போட்டு, தாழத் திரும்புவதற்கு அளந்து வைத்தாற்போல இருந்தது. வழியிலே நின்று எவனோடும் மல்லுக்கட்ட அதிலே இடமில்லை. மல்லுக்கட்டினால் வீடு வந்து சேரமுடியாது. இது அந்த அணியிலே ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு. பாடம் சொல்லும் வாத்தியாருக்குத் தெரியாதா?

அணியின் தலைவர் விங் கமாண்டர் ஓ. பி. தனேஜா. பன்னிரண்டு விமானங்கள் போவதாகத் திட்டம். தேவய்யா அந்தப் பன்னிரண்டில் இல்லை. அவர் மாற்றாள். இயந்திரம் கிளப்பும்போதோ ஓடுபாதைக்கு நகரும்போதோ எவருடைய விமானமாவது மக்கர் செய்தால், அந்த இடத்தை நிரப்பவேண்டியவர். பதிலி!

மாற்றாள் என்றால் தரையில் நின்று கையசைத்துவிட்டு, உணவு விடுதிக்குப் போய்த் தேநீர் குடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ வானேறினார். அணியோடு போய்ச் சேர்ந்துகொண்டார். எல்லையைத் தாண்டினார். சர்கோதாவைக் கண்டார்.

அந்தத் தாக்குதல் பெருவெற்றி என்று போர் வரலாறு எழுதியவர்கள் சொல்லவில்லை. அரை வெளிச்சத்தில், வேகத்தில், இலக்கு கண்ணிலே படுமுன் தாண்டிப் போய்விடும் நிலை. அதைப் பெருவெற்றியாகப் புனைந்து காட்ட நமக்கு ஆசையுமில்லை. தேவய்யாவின் பெருமை அந்த ஓடுபாதையில் விழுந்த குண்டில் இல்லை. திரும்பும் வழியில் நடந்ததிலே இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு ஸ்டார்பைட்டர் துரத்தி வந்தது.

அந்த விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் செய்தது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். பாகிஸ்தானிடம் இருந்ததே ஒரு டஜன்தான். இந்தியாவிடம் அதற்கு ஈடாக அன்று போருக்குத் தயாராக நின்றது ஏறக்குறைய எதுவுமில்லை. அதன் பெயரைக் கேட்டாலே கிலி பிடிக்கும் என்று அன்று பேச்சு. மூக்கருகே ஆறு குழல் சுழலும் பீரங்கி. இறக்கை நுனியிலே, வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும் சைட்வைண்டர் ஏவுகணை. நம் மிஸ்டேருக்கோ நேர்ப் பறப்பில் ஒலியின் வேகத்தைத் தாண்டவும் தெம்பு கிடையாது. இரண்டு பீரங்கி உண்டு. ஓட்டி வந்தவர் தேவய்யா. துரத்தி வந்தவர் பாகிஸ்தான் படையின் பிளைட் லெப்டினன்ட் அம்ஜத் உசேன்.

முதலில் ஏவுகணை வந்தது. தரையில் போய் விழுந்தது. அடுத்து பீரங்கி. அது தப்பவில்லை. மிஸ்டேர் அடிபட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பர். அடிபட்ட விமானக்காரன் என்ன செய்வான்? இயந்திரம் இழுக்கும்வரை எல்லைப் பக்கம் ஓடுவான். இல்லையேல் குடையை விரித்துக் குதித்துச் சிறைப்படுவான். இரண்டுமே குற்றமில்லை. உயிர் வெல்லமல்லவா?

தேவய்யா திரும்பினார். ஓடும் பக்கமாக அன்று, துரத்தி வந்தவன் பக்கமாக!

குறுகலான சந்தில் வேகமாக வந்துவிட்ட லாரியைச் சட்டென்று திருப்பமுடியுமா? சைக்கிள்காரன் திருப்பிவிடுவான். ஸ்டார்பைட்டரின் இறக்கை கத்தி முனைபோலச் சிறியது. நேராகப் போனால் மின்னல், வளைத்தால் தடுமாற்றம். அந்தப் பலவீனம் வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. வேகத்தை நம்பி வந்தவனை வளைவுக்கு இழுத்தார். தாழ்ந்த உயரத்தில், ஊர்களுக்கும் வயல்களுக்கும் மேலே, ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். அந்தச் சுற்றிலே, அடிபட்ட மிஸ்டேரின் பீரங்கி பேசியது. இரண்டு மடங்கு ஒலிவேகக்காரன் கட்டுப்பாட்டை இழந்தான். அம்ஜத் உசேன் குடையோடு குதித்து உயிர் பிழைத்தார். ஸ்டார்பைட்டர் மண்ணில் விழுந்தது.

மிஸ்டேரும் விழுந்தது. தேவய்யா குதிக்கவில்லை.

இவ்வளவும் நடந்தது சில நிமிடங்களில். கூட வந்தவர் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆளுக்கொரு பக்கமாக, எண்ணெய் முள்ளைப் பார்த்தபடி, வீடு நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்கள் அவர்கள். ஆதம்பூரில் இறங்கி எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் குறைந்தார். எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார், எவன் சுட்டான் - ஒன்றும் தெரியாது. தெரியாததை என்னவென்று எழுதுவது? காணாமற்போனார் என்று எழுதினார்கள்.

காணாமற்போனார்! தோழர்களே, இந்த ஒரு சொல்லை நிறுத்திப் படியுங்கள். இறந்தார் என்றால் அழுது தீர்க்கலாம். சிறைப்பட்டார் என்றால் விடுதலை நாளை எண்ணலாம். காணாமற்போனார் என்று ஒரு தாள் வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டுப் பெண் என்ன செய்வாள்? பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? வாசலில் மிதிவண்டி மணி கேட்டால் தபால்காரனோ என்று எழுந்து ஓடுவதா, அடுப்பைப் பார்ப்பதா? கட்டுமரத்தில் போன கணவன் புயலோடு திரும்பாத மீனவப் பெண்ணைக் கேட்டால் இந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

அந்தப் போரிலே அதே குடகைச் சேர்ந்த இன்னொரு விமானியும் விழுந்தார். கே. சி. கரியப்பா. போர் முடிய ஒரு நாள் இருக்கையில், செப்டம்பர் 22-இல், அவருடைய ஹன்டர் விமானம் சுடப்பட்டது, பிடிபட்டார். படைத் தலைவர் கரியப்பாவின் மகன் அவர். பிடிபட்ட செய்தி உடனே உலகத்துக்குத் தெரிந்தது. பாகிஸ்தான் தலைவர் அயூப்கான் ஒரு காலத்தில் பெரியவர் கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். மகனை விடுவிக்கட்டுமா என்று சொல்லியனுப்பினார். கிழவர் மறுத்துவிட்டார். மற்றச் சிறைவாசிகளுக்கு உண்டானதுதான் தன் மகனுக்கும் என்று சொல்லிவிட்டார். நாம் தலைவணங்கவேண்டிய குணம் அது. அதிலே இம்மியும் குறைசொல்ல நமக்கு வாயில்லை. மகன் மற்றவர்களோடு சிறையிருந்து, அடுத்த ஆண்டுதான் வீடு திரும்பினார்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புகழ்பெற்ற தந்தையின் பிள்ளை விழுந்தால், ஒரு நாட்டின் தலைவன் விசாரித்துச் சொல்லியனுப்புகிறான். மருத்துவரின் பிள்ளை விழுந்தால், விழுந்த இடத்தைச் சொல்ல ஆளில்லை. இதற்கு யாரும் சதி செய்யவில்லை. உலகம் அப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது. ஏணியில் மேல்படியில் நிற்பவனின் பெயர் தானே கேட்கும், கீழ்ப்படிக்காரனின் பெயரை யாராவது கூவவேண்டும். தேவய்யாவின் பெயரைக் கூவ ஒருவன் வந்தான். எங்கிருந்து வந்தான் என்பதுதான் வேடிக்கை.

ஆண்டுகள் உருண்டன. 1971-இல் இன்னொரு போர் வந்து போயிற்று. 1965-இன் கதை பழங்கதையாயிற்று. 1979-இல் ஜான் பிரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் அந்த வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப் படையாரின் ஒத்துழைப்போடு, அவர்கள் கண்ணாலே பார்த்து எழுதிய புத்தகம் அது. இந்தியாவைப் புகழ எழுதியதன்று. அந்தப் புத்தகத்திலே ஓர் இடம். செப்டம்பர் 7 காலை, சர்கோதாவிலிருந்து திரும்பிய மிஸ்டேர் ஒன்றை ஸ்டார்பைட்டர் அடித்தது, அடிபட்டும் அந்த இந்தியன் ஓடாமல் திரும்பி வந்து சண்டையிட்டான், ஸ்டார்பைட்டர் வீழ்ந்தது. பெயர் அதிலே இல்லை. அவர்களுக்கு அவன் பெயர் தெரியாது.

இங்கே படித்தவர்கள் விரலை மடக்கி எண்ணினார்கள். அன்று காலை அந்தப் பக்கம் போன மிஸ்டேர்களில் திரும்பாதது எது? ஒன்றே ஒன்று. அதை ஓட்டியவர் யார்? மாற்றாளாக நின்ற தேவய்யா. அணித் தலைவராக இருந்த தனேஜா, அந்தச் செய்தியைத் தம் நினைவோடு ஒட்டிப் பார்த்து, இது தேவய்யாவேதான் என்று எழுதினார்; அவருக்குரிய சிறப்பைச் செய்யவேண்டும் என்று அரசுக்குச் சொன்னார்.

1988-இல் மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்காக இந்நாடு தரும் விருதுகளில் இரண்டாவது பெரியது அது. சுந்தரி அம்மையார் பெற்றுக்கொண்டார். கணவர் காணாமற்போனபோது இளம்பெண். பதக்கம் கைக்கு வந்தபோது இருபத்துமூன்று ஆண்டுக் காத்திருப்பின் நரை.

முதல் பதினான்கு ஆண்டுகளுக்கு நாம் எவரையும் குற்றக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. கண்ணால் கண்டவன் இல்லை. காணாததைக் கண்டதாக எழுதச் சொல்வது நியாயமாகாது. ஆனால் 1979-இல் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. விலை கொடுத்தால் எவனும் வாங்கிப் படிக்கலாம். அதிலிருந்து 1988 வரை ஒன்பது ஆண்டுகள். ஒன்பது ஆண்டுகள் என்றால், ஒரு கைக்குழந்தை நான்காம் வகுப்புப் போகும் காலம்! எதிரியின் புத்தகம் கராச்சிக்கும் இலண்டனுக்கும் போய் டில்லிக்கு வந்து சேரும் தூரத்தைவிட, டில்லியிலே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குள்ள தூரம் பெரிதாகவா இருந்தது? ஓய்வூதியத்துக்கும் விபத்து நட்டஈட்டுக்கும் அலைந்த தோழர்களைக் கேட்டால், ஆம் என்பார்கள். இறந்தவன் இறந்தான் என்பதற்கு அவனே வந்து கையெழுத்துப் போட்டாலொழிய நம்பாத மேசைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே 1965 செப்டம்பர் 7, எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானின் விமானப் படை நாள். ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். அன்று சர்கோதாவைக் காத்த தங்கள் வீரர்களுக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். அவர்களுக்கும் வீரர்கள் இருந்தார்கள். முந்தின நாள் அந்தியில் ஹல்வாரா மேலே வந்த அவர்களுடைய ஸ்குவாட்ரன் லீடர் சர்பராஸ் ரபீக்கி, துப்பாக்கி வேலை செய்யாமல் நின்றுபோன பிறகும் தன் கூட்டாளிகளை விட்டு ஓடாமல் நின்று, இந்த மண்ணிலே விழுந்தார். ஒரு விமான தளத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், எல்லையின் இரண்டு பக்கத்திலும், ஓடியிருக்கக்கூடிய இரண்டு பேர் ஓடவில்லை. ஒருவருக்கு அவருடைய நாடே சாட்சி. மற்றவருக்கு எதிரி வந்து சாட்சி சொல்லவேண்டியிருந்தது.

பழைய தமிழர் ஊருக்கு ஊர் நட்டுவைத்த கற்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல். அவன் பெயரும் ஊரும் எந்தச் சண்டையில் பட்டான் என்பதும் அதிலே வெட்டியிருக்கும். குடகிலும் கன்னட நாட்டிலும் அத்தகைய வீரக்கற்கள் உண்டு. அரசன் ஆணை வரட்டும், கோப்பு நகரட்டும் என்று அந்த ஊரார் இருந்தார்களா? கல்லைத் தேடினார்கள், வெட்டினார்கள், நட்டார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: விழுந்தவனின் உடல் எங்கே கிடக்கிறதென்று தெரியும்.

தேவய்யாவின் உடல் எங்கே?

இதற்கும் பதில் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. விமானம் விழுந்த வட்டாரத்து ஊர்மக்கள் அவர் உடலைக் கண்டெடுத்து, அந்த மண்ணிலேயே புதைத்தார்கள் என்று பின்னாளில் தெரியவந்தது. யார் அவர்கள்? விடியற்காலையில் வயலுக்குப் போனவர்கள். மண்வெட்டியும் கையுமாகப் போனவர்கள். வானிலிருந்து தங்கள் நிலத்திலே வந்து விழுந்தவன் எதிரி நாட்டான் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? போர் நடக்கிறது, தலைக்குமேல் விமானம் பறக்கிறது, அவன் குண்டு போட வந்தவன். இருந்தும் குழி வெட்டினார்கள். மண் போட்டு மூடினார்கள். சர்க்கார் கோப்பில் காணாமற்போன மனிதனை உழவர்கள் காணாமற்போக விடவில்லை. அந்தக் கைகளுக்கு எந்த அரசும் பதக்கம் தரவில்லை.

2025 ஜனவரியில் இந்தக் கதையை வைத்து ஒரு இந்திப் படம் வந்தது. ஸ்கை போர்ஸ் என்று பெயர். அக்ஷய் குமார் நடித்தது. பார்த்த தோழர்கள் விமானங்கள் பறந்த அழகைச் சொன்னார்கள். கொடி பறந்தது, கைதட்டல் எழுந்தது, சரி. படத்திலே வரும் அந்த வீரனுக்கு வேறு பெயர்! கதைக்காக மாற்றுவது உண்டுதான். படக்காரர்களுக்கு ஆயிரம் கட்டாயம் இருக்கும். நாடகம் போட்டுப் பழகிய கூட்டம் நாம், நமக்குத் தெரியாதா? ஆயினும் இருபத்துமூன்று ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்த மனிதனின் கதையை, மறுபடி அவன் பெயரில்லாமலே சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பெயர்தானே, அதிலென்ன என்பார் சிலர். கூலிப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவனிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

போரைக் கொண்டாட நாம் இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். செப்டம்பர் 23-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1966 ஜனவரி 10-இல் தாஷ்கண்டில் கையெழுத்தாயிற்று. இரண்டு படைகளும் 1965 ஆகஸ்ட் 5-க்கு முன் நின்ற இடத்துக்கே திரும்பவேண்டும் என்பது ஒப்பந்தம். பிடித்த ஊரையெல்லாம் அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். ரத்தம் சிந்தி ஏறிய ஹாஜிப்பீர் கணவாயிலிருந்தும் இறங்கி வந்தார்கள். கோடு பழைய கோடாயிற்று. மண்ணைத் திருப்பித் தரலாம், தந்தார்கள். தேவய்யாவைத் திருப்பித் தர எந்த ஒப்பந்தத்தாலும் முடியவில்லை. ரபீக்கியையும்தான்.

ஆகவே, வீரனைப் போற்றுவது வேறு, போரை வேண்டுவது வேறு என்று நாம் கருதுகிறோம். மேடையில் நின்று, அடி, உதை, படையெடு என்று முழங்குகிறவன் மாலையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். எண்ணெய் முள்ளைப் பார்த்துக்கொண்டு பறக்கவேண்டியவன் வேறொருவன். அவனை மதிக்கிறவன், அவனை எளிதில் அனுப்பமாட்டான். அனுப்பினால், திரும்பாதவன் எங்கே என்று கடைசிவரை தேடுவான்.

தேடவேண்டியவர்கள் தேவய்யாவோடு முடிந்துபோகவில்லை. 1971-இல் போன படைவீரரில் 54 பேர், காணாமற்போனவர் என்று பட்டியலிலே வைக்கப்பட்டார்கள். விமானிகள் அதிலே பலர். பாகிஸ்தான் சிறைகளில் இருக்கிறார்கள் என்று நம் பக்கம் சொல்ல, எவரும் இல்லை என்று அந்தப் பக்கம் மறுத்தது. 2007-இல் அவர்களுடைய உறவினர் சிலர் அந்நாட்டுச் சிறைகளுக்கே நேரில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பதவிக்கு வந்த கட்சிகள் மாறின, பட்டியல் மாறவில்லை. புகைப்படத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு கேட்ட தாய்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த 54 பேரில் எத்தனை பேருக்கு எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு வயலில் யாரோ ஓர் உழவன் குழி வெட்டினான்? எத்தனை பேர் எவரும் பார்க்காத விடியலில் ஓடாமல் திரும்பி நின்றார்கள்? விழுந்த விமானத்தின் இடம் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். போன விமானத்தின் எண் நம்முடைய பதிவேட்டில் இருக்கும். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு பதிவேட்டையும் ஒப்பிட்டால் போதும், பல வீடுகளுக்கு ஒரு பதில் கிடைக்கும். மாற்றுநாட்டு எழுத்தாளன் ஒருவன் புத்தகம் எழுத, அது கைமாறிக் கைமாறி வந்து தற்செயலாக ஒருவர் கண்ணில் படவேண்டும் என்று இனியும் விட்டுவிடுவது அரசுக்கு அழகா? பாதுகாப்பு அமைச்சகத்தை நாம் கேட்பது இதுதான். சிலை வேண்டாம், விழா வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

மடிக்கேரியில் இப்போது தேவய்யாவுக்குச் சிலை இருக்கிறது. ஒரு நாற்சந்திக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். குடகுக் காப்பித் தோட்டங்களிலே நம் ஊர்களிலிருந்து போன கூலித் தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் மூட்டை முடிச்சோடு அந்த நகரத்தின் வழியேதான் போவார்கள், வருவார்கள். அடுத்த முறை போகும்போது பேருந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் இறங்கி, எழுத்துக் கூட்டியாவது அந்தப் பெயரைப் படித்துவிட்டு வாருங்கள். அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. பதிலியாக வந்தவர்.